தோற்ற பிறகு ஜீ.எஸ்.பி.யைப் பார் என்கிறார் கோச். எந்தச் சண்டையிலிருந்து தொடங்குவது?

வெள்ளவத்தை அலை எழுதியது:

வணக்கம். எனக்கு 22 வயது, வீடு வெள்ளவத்தையில். பகலில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பயிற்சி, பின்னேரம் ஆறரைக்குப் பிறகு ஜிம், இப்படி இரண்டு வருடமாக எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) பழகுகிறேன். போன மாதம் முதன்முதலாக ஒரு அமெச்சூர் சண்டையில் இறங்கினேன். முதல் சுற்றில் பாதிகூடப் போகவில்லை. வலக்கைக் குத்து ஒன்று காதுப் பக்கமாகப் பட்டது, கால் இரண்டும் என்னுடையதே இல்லை என்ற மாதிரி ஆகிவிட்டது, மற்றவர் மேலே ஏறி அடித்துக்கொண்டிருக்க நடுவர் வந்து நிறுத்தினார். அம்மா, அப்பா, தங்கச்சி மூன்று பேரும் முன்வரிசையில் இருந்தார்கள்.

அன்றிலிருந்து ஜிம்முக்கு ஒழுங்காகப் போகிறேன், ஆனால் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) நேரம் நெருங்கினால் வயிறு கலங்குகிறது. கோச்சிடம் மனம் விட்டுச் சொன்னேன். அவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. "ஜீ.எஸ்.பி.யைப் போய்ப் பார். வென்றதை மட்டும் பார்க்காதே" என்றார். அவ்வளவுதான்.

நான் யூ.எஃப்.சி. (எம்.எம்.ஏ.யின் பெரிய தொழில்முறைப் போட்டி) பார்க்கத் தொடங்கியதே 2018இல், ஹபீப் – மெக்ரெகர் சண்டையோடு. கோச் சொன்ன ஜீ.எஸ்.பி., அதாவது கனடாக்காரர் ஜோர்ஜ் சென்-பியேர், கடைசியாகச் சண்டை செய்தது அதற்கு முந்தைய வருடம். ஜிம்மில் கேட்டால் பாதிப் பேர் "எல்லாக் காலத்துக்கும் அவர்தான்" என்கிறார்கள், மற்றப் பாதி "கீழே தள்ளிவிட்டு மேலே படுத்துப் புள்ளி எடுக்கிறவர், பார்த்தால் நித்திரை வரும்" என்கிறார்கள். நானும் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், ஜேக் ஷீல்ட்ஸோடு ரொறன்ரோவில் நடந்தது. ஐந்து சுற்றும் பார்த்தேன். எனக்குப் பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை.

அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எதில் தொடங்க வேண்டும்? அப்படி என்ன செய்தார் அந்த மனிதர்? அவரும் பயந்தாரா?

---

கொட்டாஞ்சேனை வாசி எழுதியது:

தம்பி, முதலில் ஷீல்ட்ஸ் சண்டையை ஒரு பக்கம் வையுங்கள். 2011 ஏப்ரலில் 55,000க்கும் மேற்பட்ட சனம் மைதானத்தில் இருந்து பார்த்த சண்டை அது, அந்தக் காலத்தில் வட அமெரிக்காவில் எம்.எம்.ஏ.க்கு அவ்வளவு கூட்டம் வந்ததே இல்லை, ஆனால் நடுவில் அவருடைய இடது கண் சரியாகத் தெரியாமல் போய்விட்டது, மிச்சச் சுற்றுகளை ஒற்றைக் கண்ணோடு சமாளித்து முடித்தார். அவரை முதன்முதல் பார்க்கிறவருக்கு அது ஏற்றது இல்லை.

உங்கள் கோச் சொன்னதில் எனக்குப் பிடித்தது "வென்றதை மட்டும் பார்க்காதே" என்பதுதான். அவர் 28 சண்டை செய்திருக்கிறார், 26 வெற்றி, இரண்டு தோல்வி. அந்த இரண்டையும் விளங்கிக்கொண்டால் மற்ற 26உம் தானாக விளங்கும்.

முதல் தோல்வி 2004 ஒக்டோபர், மட் ஹியூஸிடம், காலியாக இருந்த 77 கிலோ பிரிவுச் சம்பியன் பெல்ட்டுக்கு. ஜோர்ஜுக்கு 23 வயது. ஹியூஸை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர், சண்டைக்கு முன் அவருடைய கண்ணை நேராகப் பார்க்க முடியவில்லை என்று பிறகு தானே சொல்லியிருக்கிறார். அடிபாட்டில் ஒன்றும் மோசமில்லை, ஆனால் முதல் சுற்று முடிய ஒரே ஒரு செக்கன் இருக்கும்போது, 4:59இல், ஆர்ம்பாரில் (முழங்கையைப் பின்பக்கம் வளைக்கும் பிடி) மாட்டி, தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டிவிட்டார். ஒரு செக்கன் தாங்கியிருந்தால் மணி அடித்திருக்கும். மனம் முன்பே தோற்றிருந்தால் அந்த ஒரு செக்கனைத் தாங்குவதும் கஷ்டம், இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2006 நவம்பரில் அதே ஹியூஸை இரண்டாம் சுற்றில் தலையில் உதைத்து வீழ்த்திப் பெல்ட் எடுத்தார். நாங்கள் எல்லோரும் இனி இவரை அசைக்க ஆள் இல்லை என்று நினைத்தோம். அடுத்த சண்டை 2007 ஏப்ரல் 7, ஹூஸ்டன், மட் செரா. செரா ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வென்று அந்த வாய்ப்பைப் பெற்றவர், அவர் வெல்வார் என்று கிட்டத்தட்ட யாரும் எதிர்பார்க்கவில்லை. 3 நிமிடம் 25 செக்கன். வலக்கைக் குத்து, தம்பி, உங்களுக்குப் பட்ட அதே காதுப் பக்கம். பிறகு கால் தள்ளாடி, எழும்பி, திரும்பவும் விழுந்து, நடுவர் நிறுத்தினார். கோச் உங்களை அனுப்பியது இந்தச் சண்டைக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் செய்தவற்றில் ஒன்று எனக்கு இன்றும் மறக்காது. விளையாட்டு உளவியலாளர் ஒருவரிடம் போனார். அவர் ஒரு செங்கல்லில் செராவின் பெயரை எழுதச் சொன்னார், அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு திரியச் சொன்னார், சுமந்து களைத்த பிறகு ஆற்றில் எறியச் சொன்னார். நான் வேலை போய் வீட்டில் இருந்த காலத்தில் களனி ஆற்றுப் பக்கம் நடக்கப் போவேன், அந்தக் கல்லை அடிக்கடி நினைப்பேன்.

மற்றது, திரும்பி வந்த முதல் சண்டையிலேயே, 2007 ஓகஸ்டில், ஜொஷ் கொஷெக்கை மல்யுத்தத்தில் தோற்கடித்தார். கொஷெக் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் முதலாம் பிரிவு சம்பியன். ஜோர்ஜ் பாடசாலையிலோ கல்லூரியிலோ மல்யுத்தம் செய்தவர் இல்லை, சின்ன வயதிலிருந்து கராத்தே. மொன்றியலில் கனடா தேசிய அணி மட்டத்தில் இருந்த மல்யுத்த வீரர்களோடு போய்ச் சேர்ந்து, அவர்கள் தூக்கித் தூக்கிப் போட, அடுத்த நாளும் போய் நின்று கற்றது அது. இதுதான் அவருடைய முழு வாழ்க்கையும் என்று நான் சொல்வேன். எந்த விசயத்தில் தன்னைவிடக் கெட்டிக்காரன் இருக்கிறானோ அந்த அறைக்குள் போய் நிற்பார். மொன்றியலில் குப்பை வண்டியில் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், வார இறுதியில் பஸ் ஏறி நியூயோர்க் போய் ஜியு ஜிட்சு (தரையில் பிடிபோட்டு மடக்கும் கலை) பழகினார், பயிற்றுநர் ஜோன் டனஹரின் தொடர்பு அங்கேதான் வந்தது. குத்துக்குக் குத்துச்சண்டைப் பயிற்றுநர் ஃப்ரெடி ரோச்சிடம் போனார். ஊரில் பயிற்றுநர் ஃபிராஸ் சஹாபி. எங்கே போனாலும் முதலில் அடி வாங்குகிற ஆளாகத்தான் போனார், பெல்ட் இடுப்பில் இருந்த காலத்திலும்.

2007 டிசம்பரில், ஹியூஸோடு மோத இருந்த செரா காயப்பட்டதால் குறைந்த கால அவகாசத்தில் உள்ளே வந்து, ஹியூஸோடு மூன்றாவது முறை சண்டை செய்து வென்றார். எதனால் வென்றார் தெரியுமா, ஆர்ம்பார். 2008 ஏப்ரல் 19, மொன்றியல் பெல் சென்டர், கனடாவில் நடந்த முதலாவது யூ.எஃப்.சி., செராவோடு இரண்டாவது சண்டை. இரண்டாம் சுற்றில் விலாவில் முழங்கால் மேல் முழங்காலாகப் போட்டு முடித்தார். ஹூஸ்டனுக்குப் பிறகு வாழ்நாளில் தோற்கவே இல்லை, வரிசையாக 13 வெற்றி.

பயந்தாரா என்று கேட்டீர்கள். ஆம். சண்டை செய்வது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை, அந்தக் காத்திருப்பைத் தாங்க முடிவதில்லை என்று வெளிப்படையாகப் பல முறை சொன்னவர் அவர். வயிறு கலங்கிக்கொண்டே ஒன்பது முறை பெல்ட்டைக் காத்தவர்.

வரிசை இதுதான்: ஹியூஸ் முதலாவது, ஹியூஸ் இரண்டாவது, செரா முதலாவது, கொஷெக் முதலாவது, செரா இரண்டாவது. பிறகு எழுதுங்கள்.

---

மருதானை 29 எழுதியது:

நான் ஹபீப் பக்கம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 29 சண்டை, 29 வெற்றி, ஒருவரிடமும் தோற்கவில்லை. கொட்டாஞ்சேனை நானா தோல்வியை வைத்து ஒருவரைப் பெரியவர் ஆக்குகிறார், தோற்காமல் இருந்தவருக்கு அப்போ என்ன மதிப்பு?

ஜிம்மில் "நித்திரை வரும்" என்று சொல்கிறவர்களும் சும்மா சொல்லவில்லை. 2009 ஜூலையில் தியாகோ அல்வெஸ் தொடங்கி 2013 நவம்பரில் ஜொனி ஹென்ட்ரிக்ஸ் வரை ஏழு சண்டை, ஏழும் நேரம் முடிந்து நடுவர்கள் புள்ளி போட்டுக் கொடுத்த தீர்ப்பு. ஒருவரையும் முடிக்கவில்லை. ஹென்ட்ரிக்ஸ் சண்டையில் அவர் முகத்தைப் பாருங்கள், தோற்றவர் முகம் அது, பிளவுத் தீர்ப்பில் (மூன்று நடுவரில் இருவர் இவர் பக்கம்) தப்பினார், ஹென்ட்ரிக்ஸ் வென்றார் என்றுதான் நானும் இன்னும் நிறையப் பேரும் நம்புகிறோம். பீ.ஜே. பென் சண்டையில் சுற்றுகளுக்கு இடையில் வஸ்லின் உடம்பில் பட்டது, அதனால் பிடி வழுக்கியது என்று பெரிய பிரச்சினை வந்தது. நெவாடா ஆணையம் விசாரித்துத் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஹபீபின் வாப்பா அப்துல்மனாப் மகனுக்கு முப்பதாவது சண்டையாக ஆசைப்பட்டது ஜோர்ஜைத்தான். இருவரும் விரும்பினார்கள், நடக்கவில்லை. 2020 ஜூலையில் வாப்பா மௌத்தானார், ஒக்டோபரில் அபுதாபியில் கேத்ஜியை வென்ற கையோடு, வாப்பா இல்லாமல் இனிச் சண்டை இல்லை என்று உம்மாவுக்குக் கொடுத்த வாக்கைச் சொல்லிக் கையுறையைக் கழற்றி வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம். அப்படிப்பட்ட ஒரு பயிற்றுநர் உலகத்தில் இருக்கிற எல்லோரையும் விட்டு ஒருவரை மகனுக்கு உச்சமாக நினைத்தார் என்றால் அந்த ஒருவரிடம் விசயம் இருக்கிறது.

தம்பி அலைக்கு ஒன்று. முதல் சண்டையில் தோற்றதற்கு வெட்கப்படாதீர்கள். உம்மா வாப்பா முன்வரிசையில் இருந்ததுதான் உங்களைத் தின்கிறது என்று நினைக்கிறேன். வீட்டில் அதைப் பற்றி ஒருமுறை உட்கார்ந்து கதையுங்கள்.

---

தெஹிவளை டீச்சர் எழுதியது:

பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

ஏழு வயதில் அவரைக் கராத்தேக்கு அனுப்பினார்கள், கியோகுஷின் என்ற வகை. பாடசாலையில் பெரிய பையன்கள் அடித்து, சாப்பாட்டுக் காசைப் பறித்து, அழ வைத்த பிள்ளை. என்னிடம் வருகிற பிள்ளைகளில் இப்படி வருகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள், கதவுக்குப் பக்கத்தில் நிற்பார்கள், பெயரைக் கேட்டால் மெதுவாகத்தான் சொல்வார்கள். சென்-பியேரின் பேட்டிகளைக் கேட்டால் அந்தப் பிள்ளை அவருக்குள் இன்னும் இருப்பது எனக்குத் தெரிகிறது.

"கீழே தள்ளிப் படுக்கிறவர்" என்று சொல்கிறவர்கள் அவருடைய கையையும் உடம்பையும் பார்க்கிறார்கள். நீங்கள் அவருடைய முன்காலைப் பாருங்கள், அலை. மல்யுத்தக்காரர் ஒருவர் காலைப் பிடிக்கப் பாயும்போது பெரும்பாலும் தூரத்திலிருந்தே தெரியும், தோள் இறங்கும், தலை இறங்கும். இவர் கராத்தே நிலையில் வெளியே நிற்பார், எட்டாத தூரம். அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் ஜேப் (முன்கையால் நேராகப் போடும் குத்து) வரும். எதிரில் நிற்பவர் இரண்டு மூன்று முறை வாங்கிய பிறகு பதிலுக்கு ஒரு அடி முன்னே வைப்பார். அந்த அடி விழும் நேரத்தில், எடை முன்காலில் ஏறும் நேரத்தில், இவர் குத்துக்குக் கீழே புகுந்து இடுப்பைப் பிடித்திருப்பார். ஜேப் வருகிறதா, கால் பிடிக்க வருகிறாரா என்று தொடக்கத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது, தோளும் தலையும் ஒரே மாதிரி நிற்கும். கல்லூரி மல்யுத்தத்தில் வளர்ந்தவர்களை இவர் விழுத்தியது பலத்தால் இல்லை, நேரத்தால்.

சூப்பர்மேன் பஞ்ச் என்று சொல்வதும் அப்படித்தான். பின்காலைத் தூக்குவார், உதை வருகிறது என்று கை கீழே இறங்கும், காலைப் பின்னே வீசிவிட்டுக் குத்து முகத்துக்கு வரும்.

2010 டிசம்பரில் மொன்றியலில் நடந்த கொஷெக் இரண்டாவது சண்டையைக் கட்டாயம் பாருங்கள். மருதானைத் தம்பி கணக்கெடுத்த ஏழு தீர்ப்புகளில் அதுவும் ஒன்று, முடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இடக்கை ஜேப் ஒன்றையே 25 நிமிடம் போட்டு கொஷெக்கின் கண்குழி எலும்பை உடைத்தார். நான் என் பெரிய பிள்ளைகளுக்கு அந்தச் சண்டையைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டுக் காட்டுவேன், வர்ணனை கேட்டால் காலைப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு கேள்வி, நீங்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். தலையில் அடிபட்டுச் சண்டை நிறுத்தப்பட்ட பிறகு எத்தனை நாள் ஸ்பாரிங் செய்யாமல் இருந்தீர்கள்? டொக்டரிடம் போனீர்களா? தொழில்முறைச் சண்டைகளில் இப்படி முடிந்தால் ஒன்று இரண்டு மாதம் அடிபடக்கூடாது என்று தடை போடுவார்கள். வயிறு கலங்குவது எல்லாம் மனக்கோழைத்தனம் என்று நினைத்துத் தலையிடியையும் சேர்த்து மறைத்துவிடாதீர்கள்.

---

மொன்றியல் சித்தப்பா மகன் எழுதியது:

பெயர் இப்படி இருந்தாலும் நான் பம்பலப்பிட்டி. சித்தப்பா 80களின் கடைசியில் மொன்றியல் போனவர், 2008இல் செரா சண்டைக்கு பெல் சென்டருக்கு டிக்கெட் எடுத்துப் போய், அடுத்த நாள் தொலைபேசியில் குரலே வராமல் கதைத்தார். அந்த ஊரில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு ஐஸ் ஹொக்கி கடைசி வரை ஒட்டவில்லை, ஆனால் ஜோர்ஜை நம்ம பையன் என்றுதான் சொல்வார்கள்.

யாரும் சொல்லாத ஒரு பக்கம் இருக்கிறது, அவர் நிறுத்திய விதம். ஹென்ட்ரிக்ஸ் சண்டை முடிந்து ஒரு மாதத்துக்குள், 2013 டிசம்பரில், பெல்ட்டைத் தானாகவே விட்டுக்கொடுத்தார், 32 வயதில். தூக்கம் இல்லை, தலைக்குள் அமைதி இல்லை என்ற நிலை. அதோடு ஊக்கமருந்து விசயம். அந்தச் சண்டைக்கு முன் தனியார் அமைப்பு ஒன்றின் கடுமையான பரிசோதனைக்கு இருவரும் உடன்பட வேண்டும் என்று கேட்டார், கடைசியில் அவர் மட்டும் செய்துகொண்டார். யூ.எஃப்.சி. வெளியார் பரிசோதனையைக் கொண்டுவந்தது 2015இல்தான். சம்பியனாக இருந்துகொண்டு தன் கம்பனியின் முகத்துக்கு நேரே அதைக் கேட்டதை நான் ஒன்பது பெல்ட் காப்புகளுக்குச் சமமாக வைக்கிறேன். 2016இல் வீரர்களின் சம்பளம், உரிமைகளுக்காக ஒரு சங்கம் தொடங்கப்பட்டபோது முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். அது நிலைக்கவில்லை, அது வேறு விசயம்.

பிறகு நான்கு வருடம் கழித்து, 36 வயதில், 2017 நவம்பரில் நியூயோர்க் மடிசன் ஸ்குவேர் கார்டனில், 84 கிலோ பிரிவுக்கு ஏறி அதன் சம்பியன் மைக்கல் பிஸ்பிங்கைக் கழுத்தை இறுக்கி மயங்க வைத்தார். எங்களுக்கு அது ஞாயிறு காலை, அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார், நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டியது. அடுத்த மாதமே அந்தப் பெல்ட்டையும் விட்டார், பெருங்குடல் புண் நோய், எடை ஏற்றச் சாப்பிட்டது உடம்பைக் கெடுத்துவிட்டது. 2019 பெப்ரவரியில் அதே பெல் சென்டரில் செய்தியாளர்களைக் கூப்பிட்டு விலகலை அறிவித்தார். கடைசிச் சண்டை வெற்றி, கையில் யாரும் பறிக்காத பெல்ட், தெளிவான பேச்சு. இந்த விளையாட்டில் நாற்பதைத் தாண்டியும் அடி வாங்கிக்கொண்டிருக்கிற பழைய சம்பியன்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

---

வெள்ளவத்தை அலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இரவில் ஐந்து சண்டையும் பார்த்துவிட்டேன், கொட்டாஞ்சேனை அண்ணா சொன்ன அதே வரிசையில்.

செரா முதலாவது சண்டையை மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவருடைய கால் போகிற அந்த இடம் எனக்கு நடந்தது மாதிரியே இருந்தது, எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டாவது சண்டையில் நான் எதிர்பார்த்தது வேறு. கோபத்தோடு வந்து அடிப்பார் என்று நினைத்தேன். மணி அடித்ததும் இடுப்பைப் பிடித்துக் கீழே கொண்டுபோனார், செராவுக்கு அந்த வலக்கையைத் தூக்கவே இடம் கொடுக்கவில்லை. அவசரமே இல்லை.

டீச்சர், உண்மையைச் சொல்கிறேன், ஐந்தாம் நாளே ஸ்பாரிங் செய்தேன். டொக்டரிடம் போகவில்லை. இன்று காலை போனேன், இன்னும் மூன்று வாரம் தலையில் அடிபடக்கூடாது என்று எழுதித் தந்திருக்கிறார், கோச்சிடமும் காட்டிவிட்டேன். அந்த மூன்று வாரமும் மல்யுத்தப் பயிற்சிக்கு வா என்றார். அங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் என்னைவிடப் பெரிய ஆட்கள், பெரும்பாலானவர்கள் பாடசாலைக் காலத்திலிருந்து செய்கிறவர்கள். திங்கள் பின்னேரம் போகிறேன்.

மருதானை அண்ணா, நேற்று இரவு அப்பாவோடு கதைத்தேன். செரா இரண்டாவது சண்டையை அவரும் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

---

மருதானை 29 எழுதியது:

நல்லது தம்பி, சந்தோசம். இனி ஹென்ட்ரிக்ஸ் சண்டையைப் பாருங்கள், அப்பாவையும் வைத்துக்கொண்டு. இரண்டு பேரும் தாளில் தனித்தனியாகப் புள்ளி போடுங்கள். நடுவர்கள் பிரிந்தது முதல் சுற்றில்தான், அதை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள். கொட்டாஞ்சேனை நானாவும் எழுத வேண்டும்.